பாக்கியத்தின் ஜன்னலுக்கு எதிரே ஓர் ஆந்தைப் பெட்டி

ஐயா,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் நீ நலமாக இல்லை, கோபமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். போன வாரம் நம் தாமான் குடியிருப்பின் பாலாய் ராயா மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், உன் ஆந்தைப் பெட்டி வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் உன்னைப் பெற்றவளும் ஒருத்தி. நீ முன்னால் நின்று ஒவ்வொரு கையாக எண்ணிக்கொண்டு வந்தாய். என் கைக்கு வந்ததும் உன் விரல் அப்படியே நின்றுவிட்டது. பிறகு என்னையும் சேர்த்துத்தான் எண்ணினாய். அந்த நேர்மை உன் அப்பாவுடையது. வீட்டுக்கு வந்து, உனக்காகக் காலையிலேயே பாசாருக்குப் போய் நண்டு வாங்கி வந்து வைத்த குழம்பின் மூடியைக்கூடத் திறக்காமல் ஷா ஆலாமுக்குக் கிளம்பிவிட்டாய். அதை நானும் பக்கத்து வீட்டுப் பாக்கியமும் சூடு பண்ணிச் சூடு பண்ணிச் சாப்பிட்டு முடித்தோம். நல்ல நண்டு. உனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

போன் போட்டால் "பிசி மா" என்கிறாய். மெசேஜ் அனுப்பினால் படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. வந்த ஒரே பதிலில், "மேல சொல்லி ஆர்டர் வாங்கிட்டேன்னா யாரையும் கேக்க வேண்டியதில்ல மா" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவள் எழுதுகிற கடிதம் இது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. நடுவில் நீ "அம்மா, ஒரு நிமிஷம்" என்று குறுக்கே வர முடியாது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை.

உன் திட்டம் எனக்குப் புரியாமல் இல்லை. செம்பனைத் தோட்டங்களிலும் சுங்கை பெசார் பக்கத்து வயல்களிலும் எலிக்கு வைக்கிற மருந்தைக் குறைக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கம்பத்தில் மரப்பெட்டி வைத்து ஆந்தையைக் குடியேற்றினால், அது எலியைப் பிடித்துத் தின்னும், மண்ணிலும் தண்ணீரிலும் விஷம் சேராது. நல்ல காரியம். நம் தாமானை ஒட்டி நிற்கும் செம்பனை ஓரத்திலும் ஒரு பெட்டி என்று படத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டினாய். அந்தப் புள்ளி பாக்கியத்தின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே விழுந்தது. அவள் வீட்டுக்காரர் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவர் போன அன்று அந்தச் செம்பனை ஓரத்திலிருந்து ஆந்தை அலறியதை அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். அதனால்தான் அவள் எழுந்து, "தம்பி, எங்க வீட்டுக்கு எதுக்கால மட்டும் வேணாம் லா. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு உசுரே போயிடும்" என்றாள். கூட்டத்தில் எழுந்து பேசியே பழக்கமில்லாதவள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. "ஆன்ட்டி, இது எமோஷன். எமோஷன வச்சு போலிசி எழுத முடியாது, டேட்டா வேணும். உங்க ஹஸ்பெண்ட் டெத்துக்கும் ஆந்தைக்கும் கனெக்‌ஷனே இல்ல." பின்வரிசையில் இருந்த இளவட்டங்கள் சிரித்தார்கள். பாக்கியம் உட்கார்ந்தாள். அவள் அழுவது எனக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை. நீ அடுத்த படத்துக்குப் போய்விட்டாய். கடைசியில் பெட்டி வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது அவள் தனியாகத் தூக்கினாள். அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. நான் தூக்கினேன். என்னைப் பார்த்துவிட்டு இன்னும் பல பேர் தூக்கினார்கள். நடந்தது இவ்வளவுதான்.

பாக்கியம் சொல்வது தப்பு. அதுவும் எனக்குத் தெரியும். ஆந்தை கத்தி யாரும் சாவதில்லை. நீ சொன்னது அத்தனையும் சரி. சரியானதைச் சொல்லிவிட்டு அவ்வளவு தப்பாக நடந்துகொள்ள ஒருவனால் முடியும் என்பதை அன்றுதான் மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இதே பெட்டிக் கதை நம் வீட்டில் ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கிறது. அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. உனக்கு ஆந்தைக் குஞ்சு மட்டும்தான் நினைவிருக்கும். அதற்கு முன்னால் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து உள்ளே போகும் செம்மண் ரோட்டில் நம் தோட்டம். ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், என் வாயில் இன்றுவரை வரவில்லை. விடிவதற்கு முன்னால் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில், ஒருநாள் துரை வந்து ஏதோ இங்கிலீஷில் பேசினார். கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னார்: "தோட்டத்துல பூரோங் ஹந்து வளக்கப் போறாங்களாம். பெட்டி வைப்பாங்க. யாரும் தொடக்கூடாதாம்." மலாயில் ஆந்தைக்கு அதுதான் பெயர், பேய்ப் பறவை. அவ்வளவுதான் சொன்னார். எதற்கு வளர்க்கிறார்கள், அது என்ன தின்னும், ஒன்றும் சொல்லவில்லை. மருந்தடிக்கிற தோம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நாங்கள் பெண்கள் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். முன்வரிசையில் நின்ற செல்லம்மா, "சாக்குருவியையா வளக்கப் போறாய்ங்க? கோழி வளக்கக் கூடாதா இவனுங்களுக்கு?" என்று கேட்டாள். எங்களை வேலை வாங்கும் மண்டோர் அவளை முறைத்தார். ஆனால் அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

சாக்குருவி என்றால் அப்போது எங்களுக்கு எவ்வளவு பயம் என்று உனக்கு இன்று சொன்னால் சிரிப்பாய். நாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம். இருந்தாலும் அது கத்தினால் நான் ஒரு கையால் சிலுவை போட்டுக்கொள்வேன், மறு கையால் அடுப்பில் உப்பை அள்ளிப் போடுவேன். உப்பு வெடிக்கிற சத்தத்துக்கு அது பறந்துவிடும் என்று நம்பிக்கை. மாதாவும் உப்பும் சேர்ந்து காப்பாற்றட்டும் என்று இருப்பேன். உன் அப்பா பாயில் படுத்தபடியே, "ரெண்டுல எதுக்குப் பயந்து அது போச்சுன்னு எப்படிடி தெரியும்?" என்பார். இப்போது யோசித்தால் அவர்தான் நம் வீட்டின் முதல் விஞ்ஞானி.

நாம் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால், பெரிய கால்வாய் ஓரம் ஒரு பெட்டி வைத்தார்கள். ஆந்தையும் ஜோடியாக வந்து குடியேறியது. அந்த மாதமே கடைசி வீட்டுக் கிழவர் போய்ச் சேர்ந்தார். அவர் நெஞ்சுச் சளியால் வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர். எல்லாருக்கும் அது தெரியும். ஆனாலும் துக்க வீட்டிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். பாடையைத் தூக்கிப் போன ஆட்கள் புதைத்துவிட்டுத் திரும்பி வரும் வழியிலேயே கோடாலியை எடுத்துப்போய்க் கம்பத்தை வெட்டிச் சாய்த்தார்கள். உன் அப்பா போகவில்லை. தடுக்கவும் இல்லை. மறுநாள் பெரட்டில் துரை கத்திய கத்து எஸ்டேட் ரோடு வரை கேட்டிருக்கும். அன்று மாலையே புதுக் கம்பம் நட்டார்கள், இந்தத் தடவை இரும்புக் கம்பம். தொட்டால் வேலை போய்விடும் என்றார். யாரும் தொடவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை நாங்கள் எப்படி வெறுத்தோம் தெரியுமா? அந்தப் பக்கம் துணி காயப் போட மாட்டோம், பிள்ளைகளை விளையாட விட மாட்டோம். நீ மேலிடத்து ஆர்டர் என்று எழுதியதும் எனக்கு அந்த இரும்புக் கம்பம்தான் நினைவுக்கு வந்தது, ஐயா.

பிறகு ஒரு மழைக்காலத்தில் பெரிய காற்றடித்து, பெட்டியிலிருந்து ஒரு குஞ்சு கீழே விழுந்துவிட்டது. உன் அப்பா அதைச் சட்டையைக் கழற்றிச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. "சாவ வீட்டுக்குள்ளயே தூக்கிட்டு வந்துட்டியா? புள்ள இருக்கிற வீடுய்யா இது!" அவர் சட்டையை மெல்ல விலக்கி, "மூஞ்சியப் பாருடி" என்றார். பார்த்தேன். கொய்யாவை நடுவில் பிளந்து வைத்தது போல ஒரு முகம், அதில் இரண்டு கருப்புக் கண்கள். உடம்பெல்லாம் பஞ்சு. கத்தக்கூடத் தெரியாமல், உஸ் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. எனக்குச் சிலுவை போடவும் தோன்றவில்லை, உப்புப் போடவும் தோன்றவில்லை. கோழி கவிழ்க்கிற கூடையைத்தான் தேடிப் போனேன்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நிறைகிறது. நீ கூடை பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாய். பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்டில் வீசிவிட்டு ஓடி வருவாய். அதற்கு மணி என்று பெயர் வைத்தாய். நம் நாய்க்கும் அதே பெயர்தான் என்று சொன்னால், "ரெண்டும் கூப்பிட்டா வரட்டும் மா" என்பாய். லயத்துப் பெண்கள் முதலில் வாசலோடு நின்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு உள்ளே வந்தார்கள். பிறகு வெறுங்கையோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பொறியில் மாட்டிய எலியை வால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, "எங்கலா உன் சாமி? சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார்கள். சாக்குருவியை வளர்க்கிறார்களே என்று பெரட்டில் துள்ளிய அதே செல்லம்மா, தன் பிள்ளையின் பழைய பனியனைக் கூடைக்குள் விரித்துப் போட்டாள். துரையின் உத்தரவால் முடியாததை அந்த முகம் ஒரே வாரத்தில் செய்துவிட்டது.

இந்த இடத்தில் நீ, "பாத்தீங்களா, அப்ப எமோஷன்தான் ஜெயிச்சிச்சுன்னு சொல்றீங்க" என்பாய். பொறு. மீதியையும் கேள்.

அந்த மாதம் தோட்டத்தில் எலித் தொல்லை அதிகமாகி, பெட்டி இருக்கும் இடங்களிலும் சேர்த்து மருந்து வைக்கச் சொன்னார்கள். அந்த வேலை உன் அப்பாவுக்கு விழுந்தது. மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும், சாக்கில் போட்டுத் தூக்கிப்போய் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒன்று வைத்துக்கொண்டே போக வேண்டும். அதைத் தின்ற எலி உடனே சாகாது. நடை தளர்ந்து, கால்வாய் ஓரத்தில் தள்ளாடிக்கொண்டு கிடக்கும், கையாலேயே பிடித்துவிடலாம். லயத்துப் பிள்ளைகள் போட்டி போட்டுப் பிடித்தார்கள். எல்லாம் மணிக்குத்தான். அவ்வளவு பாசம். நாங்கள் பெரியவர்களும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று. மணி சுருண்டு படுத்தது. அலகோரம் இரத்தம் கசிந்தது. நீ அதை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டே இருந்தாய். செத்த பிறகும் ஊட்டினாய்.

குஞ்சு செத்த செய்தி எப்படியோ போய், சின்ன துரை நம் வீட்டுக்கு வந்தார். இளம் வயதுக்காரர், படித்துவிட்டு நேராக வந்தவர், நம் ஆள்தான். பார்த்ததும் சொன்னார், எலிக்குள்ளே இருக்கிற மருந்து, எலியைத் தின்னும் பறவைக்கும் போகும் என்று. உன் அப்பா அப்படியே அவரைப் பார்த்தார். "சார், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" தெரியும் என்றார். "அப்ப ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?" சின்ன துரை கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க கேக்கலையே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். தெரிந்தவன் கேட்டால்தான் சொல்வான், தெரியாதவனுக்கு எதைக் கேட்பதென்றே தெரியாது. அந்த ஒரு சொல்லுக்காக உன் அப்பா பல நாள் தூங்கவில்லை. மருந்து வைத்த கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஆனால் அதோடு முடியவில்லை. அடுத்த பெரட்டில் உன் அப்பா, பெட்டி இருக்கும் பக்கத்தில் மருந்து வைக்க மாட்டேன் என்றார். அதுவரை மண்டோரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். அவர் பின்னால் முதலில் வந்து நின்றவர்கள் யார் தெரியுமா? கோடாலி எடுத்துப்போய்க் கம்பத்தை வெட்டிய அதே ஆட்கள். கடைசியில் பெட்டிகளைச் சுற்றி மருந்து வைப்பதை நிறுத்தினார்கள், பொறி வைத்தார்கள். ஒரு பிள்ளை அழுததால் மட்டும் அது நடந்திருக்காது, அழுத பிள்ளைகள் தோட்டத்தில் எத்தனையோ. மருந்து எப்படிப் போகிறது என்ற விவரத்தால் மட்டும் என்றாலும் நடந்திருக்காது, அந்த விவரம் ஆபீசில் ஏற்கெனவே இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே கூடை முன்னால் சேர்ந்ததால் நடந்தது. எனக்குப் பெரிய பெரிய வார்த்தைகள் தெரியாது. நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நீ பத்தாவது படிக்கும்போது அப்பா மோட்டார் சைக்கிளில் உன்னைக் குவாலா சிலாங்கூருக்கு மின்மினி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனதை நினைத்துக்கொள். ஆற்றில் படகில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாயாம். வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்விதான்: அது ஏன் அந்த ஒரு மரத்தில் மட்டும் உட்காருகிறது, மற்ற மரங்களை வெட்டினால் என்ன ஆகும். முதலில் வாயைத் திறந்தாய், பிறகுதான் கேள்வி வந்தது. அந்தக் கேள்விதான் உன்னைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனது. உன்னிடம் எமோஷன் இல்லை என்று நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல், மணிக்கு ஊட்ட உனக்கு ஸ்பூன் கொடுத்தவளிடம் சொல்லாதே.

நீ அந்தத் திட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாக்கியம் அழுதாள் என்பதற்காக விஷத்தை மறுபடி அள்ளிக் கொட்டச் சொல்லவில்லை. அவள் பயத்துக்கு நீ தலையாட்ட வேண்டாம், பொய்யாக ஆறுதல் சொல்லவும் வேண்டாம். ஆனால் இப்போது உன் ஆபீசுக்கு நீ எழுதப்போகிற சிபாரிசில் "குடியிருப்பாளர்கள் உணர்ச்சிவசப்பட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்து, மேலே ஆர்டர் வாங்கி இரும்புக் கம்பம் நட்டுவிட்டால், அந்தப் பெட்டி ஒரு வருஷம் நிற்காது. யாராவது கல்லெறிவார்கள், யாராவது பெட்டி வாயில் சாக்கை அடைப்பார்கள், உன் ஆந்தை போய்விடும். அதுகூடப் பெரிதில்லை. பெட்டி போனால் வேறு பெட்டி செய்யலாம். என் மகன் "நீங்க கேக்கலையே" என்று சொல்கிற ஆளாகிவிட்டால் நான் என்ன செய்வேன்? அதற்குத்தான் பயப்படுகிறேன். கை தூக்கியபோதும் அதற்குத்தான் பயந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வருவேன். அன்று என் கை எந்தப் பக்கம் போகும் என்பது இன்னும் எனக்கே தெரியாது. உன் கையில் இருக்கிறது. நீ என் மகன், ஆனால் பாக்கியமும் எனக்கு வேண்டியவள், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுக்க நீ ஷா ஆலாமிலிருந்து வர முடிவதில்லை, அவள் வருகிறாள். நேற்று மாலை அவளோடு செம்பனை ஓரமாக நடந்து போனேன். பெட்டியைப் பற்றி நான் பேச்செடுக்கவே இல்லை. அவளாகவே, "அந்த வளைவு தாண்டி வச்சா சத்தம் இவ்ளோ கேக்காது இல்ல அக்கா? ஆனா அங்க வச்சா எலி புடிக்குமா? தம்பிக்குத்தானே தெரியும்" என்றாள். நீ கூட்டத்தில் கேட்காத கேள்வியை அவள் கேட்கிறாள். பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வா. பூசை முடிந்து நேராக வா, லேப்டாப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வா. முதலில் நம் வீட்டுக்கு வராதே, அவள் வீட்டுக்குப் போ. தேத்தண்ணி கொடுப்பாள், இனிப்பு அதிகமாகத்தான் இருக்கும், குடி. ஹாலில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கும். அன்று அத்தனை பேர் முன்னால் நீ "உங்க ஹஸ்பெண்ட்" என்று சொன்னாயே, அந்த மனிதர்தான். ஆந்தை, எலி, வளைவு எல்லாம் பிறகு பேசலாம், நிறைய நேரம் இருக்கிறது. முதலில் அவர் பெயரைக் கேள். எனக்குத் தெரியும், ஆனால் இந்தக் கடிதத்தில் நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அவள் வாயால் நீ கேட்டுத் தெரிந்துகொள்.

அம்மா